அளவை வைத்தது யார்?

ஆங்கிலத்தில் ‘அக்ஸோரியஸ்’ என்றொரு சொல் உண்டு. பேச்சில் அதிகம் காதில் விழாது. போட்டித் தேர்வுக்கான சொற்பட்டியல் ஒன்றில்தான் முதன்முதலில் பார்த்தேன். மனைவிமீது அளவுக்கு மீறிய பிரியம் கொண்டவன், அவள் சொல்லுக்கு அடங்கி நடப்பவன் என்று பொருள். லத்தீனில் ‘உக்ஸோர்’ என்றால் மனைவி.

இதைப் பாராட்டாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 1667இல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் மில்டன் சாலமோன் அரசனை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். பெண்களின் மயக்கத்தில் வேற்றுத் தெய்வங்களிடம் விழுந்தவன் என்பது அங்கே அவன்மேல் உள்ள குற்றம்.

சரி, கணவனை அளவுக்கு மீறி நேசிக்கும் பெண்ணுக்கு என்ன சொல்? ‘மாரிட்டோரியஸ்’ என்று ஒன்று இருந்தது. 1607இல் அச்சான ஜார்ஜ் சாப்மனின் நாடகமொன்றில் வருகிறது. ஆனால் வழக்கில் நிலைக்கவில்லை. கணவனை நேசிப்பதற்கு அளவே குறிக்காத ஊரில் மீறலுக்கு எதற்குப் பெயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் மொழியும் இதில் சளைத்ததில்லை. திருக்குறளின் 91ஆவது அதிகாரம் ‘பெண்வழிச் சேறல்’. மனைவி சொல் கேட்டு நடப்பவனைப் பழிக்கப் பத்துக் குறள்கள். ‘ஆண்வழிச் சேறல்’ என்று ஓர் அதிகாரம் இல்லை. கணவனைத் தெய்வமாகக் கொள்பவளுக்கோ 6ஆவது அதிகாரத்தில் புகழ் காத்திருக்கிறது. தெருவில் இதற்கெல்லாம் ஒரே சொல்தான்: பெண்டாட்டிதாசன்.

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வந்தார். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் சுமந்து, சட்டையெல்லாம் நனைந்து வருவார். மூன்றே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே போனார். அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. நாலாம் நாள் விடிவதற்குள் எழுந்து, வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தானே குடத்தை எடுத்தார். நான் தடுத்தபோது, “அப்பாவைப் பார்த்துச் சிரிக்கறாங்கடி” என்றார்.

ஏளனம் அப்பாவைக் குறிவைத்து வந்தது. அதன் பாரத்தைத் தூக்கியது அம்மாவின் ஆறாத வயிறு. ஓர் ஆண் தன் மனைவிக்கு எவ்வளவு செய்யலாம் என்று அளந்து கொடுக்கும் படி இந்தச் சொல். அதற்குமேல் கிடைத்தால் அவளே வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சொற்பட்டியலைப் புரட்டும் பெண்கள் இந்தச் சொல்லின் பொருளை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம், தேர்வில் கேட்பார்கள். கூடவே ஒரு கேள்வியையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்: அந்த மனிதன் அப்படி என்னதான் செய்துவிட்டான்? தண்ணீர் எடுத்தானா, நிலத்தை விற்கும் முன் அவளைக் கேட்டானா, அவள் தாய்வீட்டில் நான்கு நாள் சேர்ந்து தங்கினானா? அதையே ஒரு மனைவி செய்திருந்தால் எந்த மொழியாவது அதற்கென்று ஒரு சொல்லை உண்டாக்க மெனக்கெட்டிருக்குமா?