குடிதண்ணீர்

ஆதிகாலப் பெரிய மிருகங்கள் ஏன் அழிந்தன என்று பேச்சு வந்தால், நான் எப்பவும் மனிதனைக் கைகாட்டுகிற கட்சி. அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. நாம் செய்தது என்றால் நாமே நிறுத்திக்கொள்ளலாம் இல்லையா? சாட்சியும் பலமானது. அமெரிக்கப் பெருநிலத்தின் ராட்சத ஸ்லாத்துகள் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே காலி. பனியுகம் முடிந்த வெப்பம் கியூபாவிலும் ஏறத்தான் செய்தது. அங்கிருந்த ஸ்லாத்துகளோ மேலும் பல ஆயிரம் வருஷம் நிம்மதியாக இலை மென்றன. மனிதன் படகேறி வந்த பிறகுதான் காணாமல்போயின.

ஆனால் செயின்ட் பால் தீவு என்னைத் தூங்கவிடுவதில்லை. பெரிங் கடலில் ஒரு குட்டித் தீவு. அப்போது அங்கே மனிதவாடையே கிடையாது. கடல்மட்டம் ஏறஏறத் தீவு சுருங்கியது, நன்னீர் ஏரியின் ஆழமும் குறைந்தது. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன்பு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மாமூத்துகள் செத்துப்போயின. தாகத்தில் கரையையே சுற்றிச்சுற்றி மிதித்து, ஏரிக்குள் மண் சரிய அவையே காரணமாகவும் இருந்திருக்கின்றன. இதையெல்லாம் சொன்னது ஏரியின் அடிச்சேறுதான். அதில் மாமூத்தின் டிஎன்ஏ ஓர் அடுக்கு வரை இருக்கிறது. அதற்கு மேல் இல்லை.