இரண்டு கோடு

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் முதலில் வந்து இறங்குவது மைக் செட். வேப்பமரத்தின் உச்சாணிக் கிளையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அதன் வாய் அடுத்த ஊரைப் பார்த்து இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வீட்டுக்காரர் மற்ற வேலைகளைக் கவனிப்பார். சத்தம் கேட்காத கல்யாணம் நடந்ததாகவே கணக்கில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சொன்னபோது, அது பட்டணத்துக்குப் போட்ட விதி என்றே ஊர் எடுத்துக்கொண்டது. இந்த மண்ணில் பிறந்தவர்கள் கையில் ஒரு வானொலிக் கருவி கிடைத்தால் அவர்கள் அதை என்ன செய்வார்கள் என்பதை இனி வாசகர் ஊகித்துவிடலாம்.

நாங்கள் மூன்று பேர். மைக் செட் வாடகைக்கு விடுபவர் ஒருவர், டி.வி. மெக்கானிக் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர். தியாகதுருகத்தின் மலைக்கோட்டையை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்ப் படையும் மாறிமாறிப் பிடித்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. அந்தக் கோட்டையின் அடிவாரத்தில், சேலம் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் ஏர் ஹாரனைக் கேட்டபடி வளர்ந்தவர்கள். இரைச்சலுக்கு நடுவே தன் குரலை நிறுவிக்கொள்வது எங்களுக்குப் பிறவிப் பயிற்சி.

2005-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை, 5 வாட்டுக்கு மேற்படாத சக்தியில், பிறருக்கு இடையூறு செய்யாமல், யார் வேண்டுமானாலும் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். சிட்டிசன்ஸ் பேண்ட் என்று உலகம் அழைக்கும் குடிமக்கள் அலைவரிசை இதுதான். அமெரிக்காவில் 1958-இல் இந்த 27 மெகாஹெர்ட்ஸைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, டீசல் எங்கே கிடைக்கிறது, போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அது பெரும் பழக்கமாகப் பரவியது. 1977-இல் 23 சேனல்கள் 40 ஆயின. கூட்டம் பெருகியதும் கத்தலும் பெருகிற்று. சட்டம் அனுமதித்த 4 வாட்டைத் தாண்டி, பின்னால் பெருக்கியை இணைத்து நூறு, ஆயிரம் என்று ஏற்றினார்கள். 1978-இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் இந்த அலைவரிசைக்கான பெருக்கிகளின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் அவை ஒழியவில்லை. இன்றும் அங்கே 6-ஆம் சேனலில் ஆயிரக்கணக்கான வாட்டுகளுடன் ஒருவரை ஒருவர் அமுக்கிப் பார்ப்பதையே விளையாட்டாகக் கொண்டவர்கள் உண்டு.

எங்கள் லாரிகளுக்கு இந்தப் பழக்கம் வரவேயில்லை. எங்களுக்கு வந்தது, வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொண்டுவந்த இரண்டு பழைய பெட்டிகளின் வழியாக. நாற்பது சேனல், 4 வாட். நாற்பதில் முதல் 27 சேனல்களே நம் நாட்டு எல்லைக்குள் வருபவை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. மாடியில் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு ஆன்டெனா கட்டினோம். கம்பத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று அன்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது பெட்டி தந்தி சாரிடம் போயிற்று.

*

அவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் வீடு. எங்களுக்கும் அவருக்கும் இடையே சுமார் இருபது கிலோமீட்டர். முறையாகத் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கியிருந்தார். மோர்ஸ் அவர் விரலில் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையின் மேல் விரல் தட்டிக்கொண்டிருக்கும். எங்களை அவர் தம்பி என்பார், நாங்கள் அவரை சார் என்போம். சிட்டிசன்ஸ் பேண்ட் அவருடைய தகுதிக்குக் குறைவான சமாச்சாரம். ஆனாலும் எங்களுக்காக அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒழுங்கு முழுவதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பொத்தானை அழுத்துவதற்கு முன் அரை நிமிடம் கேட்க வேண்டும். இந்தச் சேனலில் யாராவது இருக்கிறார்களா என்று வினவி, மறுபடி கேட்க வேண்டும். ஒருவர் முடித்ததும் மற்றவர் உடனே தொடங்கக் கூடாது, ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும். அவசரத்தில் இருக்கும் மூன்றாமவர் நுழைவதற்கு அந்த ஒரு மூச்சுதான் வாசல். கேட்கும் குரலின் தெளிவை 1 முதல் 5 வரையும், வலுவை 1 முதல் 9 வரையும் எண்ணால் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தேதி, நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளர் தற்செயலாக போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் செத்துப்போன அந்தமானிலிருந்து அவருடைய நிலையம் செய்திகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் தந்தி சார் தம் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நீங்கள் என்ன சார் உதவி செய்தீர்கள் என்று கேட்டோம். பேசாமல் இருந்தேன் என்றார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஆளாளுக்குக் குறுக்கே புகுந்தால் தீவின் குரல் அமுங்கிவிடும், அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்று ஒரு வேலை என்றார். எங்களுக்கு அது சற்றே ஏமாற்றமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

சூரியனுக்குப் பதினோரு ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு. சூரியப் புள்ளிகள் மிகும் காலத்தில் வளிமண்டலத்தின் மேலடுக்கு 27 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கண்ணாடிபோல் மடக்கி, கடல் கடந்து இறக்கிவிடும். 2012 வாக்கில் எங்கள் பெட்டியில் மாலை வேளைகளில் அயல் குரல்கள் வரத் தொடங்கின. பெரும்பாலும் இந்தோனேசியர்கள். அங்கே 1980 முதலே குடிமக்கள் வானொலிக்கென ஓர் அமைப்பு இயங்குகிறது, ஆட்களும் அதிகம். எங்கள் 4 வாட்டை அவர்களில் எவரும் கண்டுகொள்ளவில்லை.

மைக் செட் ரத்தம் சும்மா இருக்குமா? டி.வி. மெக்கானிக் எங்கிருந்தோ இரண்டு 807 வால்வுகளைத் தேடிப் பிடித்தார். பழைய டிரான்ஸ்பார்மர், காயலான் கடை ரிலே, பிஸ்கட் டின் தகரத்தில் ஒரு கூடு. 2013 கோடையில் நூறு வாட் பெருக்கி தயாராயிற்று. அதற்கு மேல் ஒரு எக்கோ பெட்டியையும் மைக் செட்காரர் இணைத்தார். தமிழ்நாடு, இந்தியா என்று கர்ஜித்தோம். செலாமத் மாலம் என்று கடலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. ஊர்ப் பெயரும் எண்களும் தவிரப் பொது மொழி ஏதுமில்லாமல் மணிக்கணக்கில் பேசினோம்.

இது சட்டத்துக்குப் புறம்பு என்று எங்களுக்குத் தெரியும். 5 வாட்டைத் தாண்டிய கணமே விதிவிலக்கு போய், 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் கீழ் குற்றவாளிகள் ஆகிறோம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதியில்லாத கருவியை மன்னிப்பதில்லை. உரிய அனுமதி விவரம் இல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்ற இணையக் கடைகளுக்கு 2025-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் அந்நாளில் எங்களைத் தேடி யாரும் வரவில்லை. வந்த புகார் ஒன்றே ஒன்று. கோயில் விழாவுக்குக் கட்டியிருந்த ஆம்ப்ளிஃபயரின் நீண்ட வயர்கள் எங்கள் அலையைப் பிடித்து, பூசாரியின் அறிவிப்புக்கு நடுவே எங்கள் குரலை ஊருக்கெல்லாம் கேட்கச் செய்துவிட்டன. ஊர் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்தில் தந்தி சாரைப் பார்த்தோம். "ரிசீவர் நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்டார். "பவர் ஏத்திட்டோம் சார்" என்றோம். தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போனார். பிறகு எப்போதோ பேச்சுவாக்கில், வாய் பெரிதாகவும் செவி சிறிதாகவும் உள்ள நிலையத்தை வானொலிக்காரர்கள் முதலை என்று அழைப்பார்கள் என்று சொன்னார். பொதுவாகச் சொல்கிறார் என்று எண்ணி ரசித்தோம்.

*

2014-க்குப் பிறகு சூரியன் தணிந்தது. இந்தோனேசியா மங்கி மறைந்தது. பெருக்கியைப் பரணில் ஏற்றினோம். 2018-இல் தந்தி சார் காலமானார். காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவருடைய மகள் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் யாருக்கும் புரியவில்லை, உங்களுக்குப் புரியும் என்றார்.

தேதி, நேரம், சேனல், வலு. அழகான கையெழுத்து. ஆரம்பப் பக்கங்களில் எங்களுடன் பேசிய மாலைகள் வரிசையாக இருந்தன. எங்கள் குரலுக்கு அவர் போட்ட எண் பெரும்பாலும் 5-5. தெளிவு ஐந்து, வலு ஐந்து. 2013 மே மாத இறுதியிலிருந்து எண் மாறுகிறது: 5-7. அதற்கு எதிரே, அழைத்தேன், பதில் இல்லை. மறுநாளும் அதுவே. வேறு யாருடனோ பேசுகிறார்கள், பதில் இல்லை. எண்ணிப் பார்த்தோம், பத்தொன்பது மாலைகள்.

வலு காட்டும் முள் ஒரு கோடு ஏற வேண்டுமானால் சக்தி நான்கு மடங்காக வேண்டும் என்பது கணக்கு. 4 வாட் நூறானால் இருபத்தைந்து மடங்கு. இரண்டு கோட்டுக்குச் சற்று மேல். ஐந்திலிருந்து ஏழு. புத்தகக் கணக்கைத் தந்தி சாரின் நோட்டு அப்படியே நிரூபித்திருந்தது. ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் கட்டியிருந்தால் காசில்லாமலே கணிசமாகக் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயம் இது. கேட்பதற்கும் சேர்த்தே கிடைத்திருக்கும்.

பத்தொன்பதாவது பதிவு 2013 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.10. அன்றிரவோடு இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தது. 1850-களில் பொதுமக்களுக்காகத் தொடங்கிய சேவை, அவர் தம் வாழ்நாளைக் கொடுத்த வேலை. அழைத்தேன், இன்றோடு தந்தி முடிகிறது, பதில் இல்லை என்று எழுதியிருந்தார். வலு என்ற கட்டத்தில் எங்களுக்கு வழக்கம்போல 5-7 போட்டு, மிகத் தெளிவு என்று குறித்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் பெயர் அந்த நோட்டில் இல்லை.

அவர் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் பதில் சொல்லவில்லை. அந்த இரவு அவருக்கு யாரோடு பேச வேண்டியிருந்தது என்பதைவிட எதன் வழியாகப் பேச வேண்டியிருந்தது என்பது முக்கியம் என்று மூவருக்கும் தெரிந்தேயிருந்தது.

பரணிலிருந்து பெருக்கியை இறக்கித் திறந்தோம். பேசும்போது ஆன்டெனா பெருக்கியோடு சேரும். கேட்கும்போது ரிலே அதைப் பெட்டிக்கு நேராகத் திருப்பிவிடும். காயலான் கடை ரிலேயின் அந்த இரண்டாவது முனை, பொறி பட்டுப் பட்டுக் கரி பிடித்துக் கிடந்தது. வருகிற அலை எல்லாவற்றையும் அது ஒரே அளவாகத்தான் குறைத்திருக்கும். வலியவை அந்த இழப்பைத் தாங்கி வந்து சேர்ந்தன. மெலியவை வரவில்லை. பெருக்கியை மாட்டிய முதல் நாள், பெட்டியில் இரைச்சல் குறைந்துவிட்டது, எவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது என்று நாங்கள் வியந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

டி.வி. மெக்கானிக் ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து முனையைத் தேய்த்தார். மீட்டரை வைத்துப் பார்த்தோம். தடை ஏதுமில்லை. மொத்தம் இரண்டு நிமிட வேலை.