கந்தைக்கு ஒரு பொழுது

வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை மூன்று நான்கு மடிப்பாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவியெடுத்து, ஓட்டுத் தையலால் நெருக்கி நெருக்கித் தைத்துப் போர்வை செய்வார்கள். அதற்குக் 'காந்தா' என்று பெயர். நம்முடைய 'கந்தை'யும் அதுவும் ஒரே வடசொல்லில் பிறந்த அக்காள் தங்கைகள். அக்காளை அங்கே கலை என்று கொண்டாடி மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். தங்கை இங்கே வசவாகிப் போனாள்.

நம் பெண்களும் தைக்காமல் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பழம்புடவையை மடித்து ஓரம் தைத்துக் கொடுக்காத பாட்டி உண்டா? ஆனால் அதைக் கைவேலை என்று யாரும் சொன்னதில்லை. குழந்தை நனைக்கிற துணிக்குப் பெருமை ஏது?

இத்தனைக்கும் எங்கள் வடசென்னைக் கரை துணியால் வளர்ந்த கரை. 1639-ல் கம்பெனிக்காரர்கள் சென்னையில் மனை பிடித்ததே துணி வாங்கத்தான். துணி வெளுத்தவர்களால் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த காலெட் துரையின் நாளில் நெசவாளிகள் குடியேறிய இடம் திருவொற்றியூர்க் காலடிப்பேட்டை. துரையின் பெயர் நம் நாக்கில் பட்டுக் காலடியாகிவிட்டது. இந்தியச் சீட்டித் துணி சீமைக்குப் போய் அங்குள்ள நெசவாளிகளின் வயிற்றில் அடிக்கிறது என்று, 1721-ல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாதென்று அங்கே சட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே, 1708 வாக்கில், லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் அந்தச் சீட்டியை வெட்டி ஒட்டுப் போட்டுப் படுக்கை விரிப்பு தைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் இன்று மிஞ்சியிருக்கிற ஒட்டுத் துணி வேலைகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அந்த வீட்டுப் பெண்களே தைத்தது என்பார்கள். தைத்திருக்கலாம். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தபோது அடுப்பைக் கவனிக்க வேறு ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போதுதான் எனக்குச் சற்றுப் பொறாமை வருகிறது.

என் கதை அவ்வளவு பெரியதல்ல. அம்மா காலமான பின் பட்டுப் புடவைகளை அக்காவும் அண்ணியும் பங்கிட்டுக்கொண்டார்கள். கட்டிக் கட்டி நைந்துபோன நூல் புடவைகள் ஏழை நான் மூட்டை கட்டி இராயபுரத்துக்கு எடுத்து வந்தேன். எனக்கு அம்மா என்றால் அந்த நூல் புடவைதான். பழந்துணி சேர்ந்தால் பாத்திரக்காரரைக் கூப்பிட்டு எவர்சில்வர் தூக்கு ஒன்று வாங்குவது எங்கள் தெருவின் வழக்கம். நான் ஊசியை எடுத்தது அத்தனை பேருக்கும் விசித்திரமாகப் பட்டது.

நேரத்துக்கு எங்கே போவது? எண்ணூரில் லாரித் தொழிற்சாலையும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் 1950-களில் வேரூன்றிய நாள் முதல், இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பொழுது ஷிப்டைப் பார்த்துத்தான் விடிகிறது. என் வீட்டுக்காரருக்கும் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பிள்ளைக்குக் கல்லூரி, பெண்ணுக்குப் பரீட்சை, அத்தைக்கு வேளைக்கு மருந்து, மாதர் சங்கத்துக் கணக்கு, வாரத்துக்கு இரண்டு பத்திரிகை வைத்து அழைக்க வருகிறவர்கள். "மிச்ச நேரத்தில் செய்யுங்களேன்" என்று புத்தி சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். குடும்பத்தில் நேரம் மிஞ்சி நான் பார்த்ததில்லை. சோறு மிஞ்சும்.

ஆகவே ஒருநாள், பகல் இரண்டு மணியிலிருந்து முக்கால் மணி நேரம் நான் யாருக்கும் எழுந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி நடந்ததா என்று கேட்காதீர்கள். வாரத்தில் மூன்று நாள் நடந்தால் அதிகம். எழுந்து போனாலும் ஊசி கோபித்துக்கொள்வதில்லை. விட்ட இடத்திலேயே குத்திக்கொண்டு நிற்கிறது. கதை அப்படியல்ல. பாதி வாக்கியத்தில் எழுந்து பால் காய்ச்சிவிட்டு வந்தால், அந்த வாக்கியம் "நீ யார்?" என்று கேட்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து, எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. சங்கத்துப் பெண்கள் அரிசியோடு பழந்துணியும் திரட்டினார்கள். துடைக்கத் துணி வேண்டும். அதுவும் நைந்த நூல் துணிதான் எண்ணெயை உறிஞ்சும். எங்கள் வீட்டு வேட்டிகள், துண்டுகள் எல்லாம் போயின. பிறகும் கேட்டார்கள். மூட்டையை அவிழ்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டைக் கொடுத்தேன். அதில் ஒன்று, அம்மா எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகும்போது கட்டுகிற பச்சைப் புடவை. ஐந்து மிஞ்சின.

அதற்குப் பின்தான் நான் பிடிவாதமாகத் தைக்க ஆரம்பித்தேன். "யாருக்கு?" என்று கேட்காதவர் இல்லை. அண்ணன் பேரனுக்கு என்றால் "நல்ல காரியம்" என்பார்கள். நேரம் வீணாகிறதே என்ற பேச்சு வராது. எனக்குத்தான் என்றால் சிரித்துப் பேச்சை மாற்றுவார்கள். காசிமேட்டில் ஆண்கள் நாள் முழுவதும் உட்கார்ந்து வலை முடைகிறார்கள். அவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. வலை சோறு போடுகிறது என்பீர்கள். சரி, சோறு போடாத வேலைக்கு ஒரு முக்கால் மணி கூடாதா?

மீன் கொண்டு வருகிற அம்மா மட்டும் வேறு விதமாகச் சொன்னாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா, கதை எழுதறத வுட்டுட்டு துணி தெக்கிற? யாருக்கு?" என்றாள்.

"எனக்குத்தான்."

தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்ப கெட்டியா தெய்யி. இங்க பாரு, தையல் தூர தூரமா போவுது."

வடகன்னடத்துச் சித்தி இனப் பெண்கள், தாங்கள் தைக்கிற போர்வையின் நாலு மூலையிலும் 'பூ' என்று முக்கோணத் துணிகளை மடித்து வைப்பார்கள். அது இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணம் மாதிரி. அந்தப் பூ குளிருக்கு எந்த விதத்திலும் உதவாது. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நானும் வைக்கப்போகிறேன்.

அத்தைக்கு இப்போது ஊசி கோக்கக் கண் தெரியவில்லை. ஆனால் கரையிலிருந்து நூல் உருவ விரலுக்குத் தெரிகிறது. எதிரே உட்கார்ந்து உருவித் தருகிறார். போன வாரம் தம் பெட்டியிலிருந்து பழைய சுங்குடி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "ரெண்டைத்தான் கொடுத்துட்டியே, கனமே இருக்காதே" என்றார். சுங்குடிக்குச் சாயம் போகும். இரண்டு தரம் உப்புத் தண்ணீரில் அலசி மாடியில் போட்டிருக்கிறேன். சாயம் நின்ற பிறகுதான் அதை நடுவில் வைப்பதா, அடியில் வைப்பதா என்று பார்க்க வேண்டும்.