வீணைக்கு எண்ணெய்க் குளியல்

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது மனிதருக்கு நல்லது, வீணைக்கு ஆகாது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் நான் பட்ட பாட்டை, வாத்தியம் வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருஷங்களுக்கு முன், சித்திரை மாதம் லீவில் சேலத்துக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில், பழைய புடவை உறைக்குள் அம்மாவின் தஞ்சாவூர் வீணை கிடந்தது. அப்பா காலமான பிறகு 11 வருஷமாக அம்மா அதைத் தொடவில்லை. உறையை விலக்கினால் ஒரே தூசி, தந்திகளில் துரு, பித்தளை மெட்டுகளில் களிம்பு. எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அக்கா மகன் அப்போதுதான் தன் கிதாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "வருஷத்துக்கு ரெண்டு தடவை போடணும் சித்தி. இல்லேன்னா மரம் காஞ்சு போயிடும்" என்றான்.

கிதாருக்கு நல்லது வீணைக்கும் நல்லதுதானே? அம்மா கோயிலுக்குப் போன சமயம் பார்த்து மெட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். வீணை முழுவதும் தேங்காயெண்ணெய் தடவினேன். ஊறட்டும் என்று முற்றத்து வெயிலில் வைத்தேன். சேலத்துச் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? ஒரு மணி கழித்துப் பார்த்தால், மெட்டுகளைத் தாங்கும் கறுப்பு மெழுகு இளகி வழிந்திருந்தது. மெட்டுகள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து நின்றன.

அம்மா திரும்பி வந்தாள். திட்டவில்லை. "ஏங்கண்ணு, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே வாடகைக் கார் பிடித்து, அம்மாவையும் வீணையையும் ஏற்றிக்கொண்டு நாமக்கல், முசிறி, திருச்சி வழியாகத் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தேன். அங்கே வீணை செய்யும் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கிதார்ல மெட்டு மரத்துப் பள்ளத்துல இறங்கி உக்காந்திருக்கும்மா. அந்தப் பலகைக்கு வார்னிஷ் கிடையாது. ரெண்டு சொட்டு தடவி உடனே துடைச்சிடலாம். வார்னிஷ் அடிச்ச உடம்புக்கு அதுவும் வேண்டாம். வீணையில 24 மெட்டும் மெழுகு மேலதான் நிக்குது" என்றார்.

தேன்மெழுகும் கரித்தூளும் கலந்தது அந்த மெழுகு. தேன்மெழுகு 62 டிகிரி சென்டிகிரேடு வாக்கில் உருகும். அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பித்துவிடும். கறுப்பாக இருப்பதால் வெயிலில் இன்னும் சீக்கிரம் சூடேறும். போதாததற்கு எண்ணெயும் மெழுகை இளக்கும். பலா மரத்தின்மேல் பூசிய தேங்காயெண்ணெய் உலராமல் சிக்குப் பிடித்து, இருக்கிற தூசியை எல்லாம் வரவழைக்கும். வாசிக்கிறவர்கள் இடது கை விரல் நுனியில் தொட்டுக்கொள்கிறார்களே, அந்தத் துளி எண்ணெய்தான் வீணைக்கு உண்டு. அதையும் வாசித்து முடித்ததும் துடைத்துவிட வேண்டும்.

பெரியவர் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புது மெழுகு வைத்து, ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கும் மெட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்வரம் பார்த்து நிறுத்தினார். இரண்டு நாள் வேலை. பிறகு வீணையை அம்மாவின் பக்கம் நகர்த்தினார்.

"வாசிக்கப் போறது நீங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அம்மா தயங்கினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் விரல் நடுங்கியது. இரண்டாம் முறை ஸரளி வரிசை வாசித்தபோது சட்டென்று நிறுத்தினாள். "மத்திமம் ஒரு இழை ஏறியிருக்குதுங்க" என்றாள்.

பெரியவர் மெட்டை அசைத்துச் சரிசெய்தார். "காது அப்படியே இருக்குதும்மா!" என்றார். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அம்மா தினம் சாயங்காலம் அரை மணி நேரம் வாசிக்கிறாள். நான் ஊருக்குப் போனால் துடைக்கும் வேலை என்னுடையது. பழைய வேஷ்டித் துணியால் தந்திகளின் வியர்வையைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் துருப் பிடிக்கும். மெட்டுகளுக்கு இடையில் மெல்லிய பிரஷ் போதும். பிசுக்கு இருந்தால் நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி, உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு உறை போட்டு, வெயில் படாத மூலையில் வைக்க வேண்டும்.

தேங்காயெண்ணெய்ச் சீசா மட்டும், நான் ஊரில் இருக்கும்வரை, அம்மாவின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.