கொதிக்க வைத்தால் போதுமா?

அப்பத்தா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் வாயில் வைத்தால் கரிக்கும். போன லீவுக்குப் போயிருந்தபோது நாலு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. "கிணத்துத் தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் குடி, ஒண்ணும் பண்ணாது" என்றார் அப்பத்தா.

பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். "கொதிச்சா கிருமி சாகும். உப்பும் குரோமியமும் எங்கே போகும்? தண்ணி ஆவியாக ஆக, மிச்சத்துல அது கூடத்தான் செய்யும்" என்றார்.

எங்கள் திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் அதிகம். தோலைப் பதப்படுத்த உப்பும் குரோமியமும் வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அது மண்ணில் இறங்கி ஊற்றில் கலந்துவிடும். 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தனவாம். நாலில் மூன்று!

உப்பை நாக்கு சொல்லிவிடும். குரோமியத்தைச் சொல்லாது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் அளவு. அதன் நச்சு வகை உடம்பில் அதிகம் சேர்ந்தால் கல்லீரல், சிறுநீரகம் கெடும். புற்றுநோய் அபாயமும் உண்டு.

இதைச் சொன்னதும் அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பனுக்குச் சின்னப்புள்ளையில இதத்தானடா குடுத்தேன்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நண்பர்களே, தெளிவாக இருக்கிறதே என்று குடித்துவிடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை நானும் அப்பாவும் ஒரு பாட்டிலோடு போகிறோம்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்