இனிப்பு மேசையும் இண்டூர் கல்யாணமும்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற ஊர் இண்டூர். ஒகேனக்கல் அருவிக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகிற ஊர். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. முன்பெல்லாம் வரவேற்பு என்றால் மேடையில் இரண்டு பெரிய நாற்காலி, ஓரத்தில் பாட்டுக் கச்சேரி, கீழே பந்தி. அவ்வளவுதான். இப்போது அந்த வரிசையில் ஒரு புது அயிட்டம் சேர்ந்திருக்கிறது. அதுதான் இனிப்பு மேசை!

வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. பின்னால் பலூன் வளைவு, சீரியல் லைட். தட்டுத் தட்டாக கப்கேக், டோனட், ஜெல்லி, நடுவில் சாக்லேட் ஊற்று. குழந்தைகள் சுற்றி நிற்க, பெரியவர்கள் செல்போனில் படம் எடுக்க, மாப்பிள்ளை பெண்ணை விட அதற்குத்தான் கூட்டம்.

'இதெல்லாம் டவுன் பழக்கம், நமக்கெதுக்கு?' என்று சொல்லும் தாத்தாக்கள் உண்டு. 'ஒரே ஒரு நாள்தானே, இருந்துட்டுப் போகட்டும்' என்று சொல்லும் கல்யாணப் பெண்ணின் தோழிகளும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மேசையைச் சுற்றி மூன்று கேள்விகள் நிற்கின்றன. செலவு யார் தலையில் விழுகிறது? பலகாரம் சுடத் தெரிந்த அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் அந்த மேசையில் என்ன இடம்? மறுநாள் காலையில் சாப்பிட்டவர்களின் வயிறு எப்படி இருக்கும்?

மேசைதான் புதுசு, பழக்கம் பழசு

இனிப்பை அழகாக அடுக்கிச் சபை நடுவில் வைப்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தால் அது தப்பு. சீர்வரிசைத் தட்டு என்பது வேறென்ன? ஒற்றைப்படை எண்ணிக்கையில் தட்டுகள், கோபுரமாக அடுக்கிய லட்டு, மேலே கண்ணாடிக் காகிதம், அதைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு ஊர்வலம். பிராமணர் வீட்டுக் கல்யாணங்களில் பருப்புத்தேங்காய் உண்டு. கூம்பு வடிவக் கூட்டில் வெல்லப் பாகும் கடலையும் சேர்த்து இறுக்கி, ஜோடியாக மணையருகே வைப்பார்கள். கைமுறுக்கில் ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று சுற்றின் எண்ணிக்கையிலேயே வீட்டின் கௌரவம் தெரியும். நவராத்திரி கொலுப்படியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'பின்னால் உயரம், முன்னால் தாழ்வு' என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிரான்சிலும் கல்யாணத்துக்கு ஒரு கூம்புதான். க்ரோக்காம்பூஷ் என்று பெயர். உள்ளே க்ரீம் வைத்த சின்னச் சின்ன உருண்டைகளைச் சர்க்கரைப் பாகால் ஒட்டி உயரமாக எழுப்புவார்கள். பருப்புத்தேங்காயும் க்ரோக்காம்பூஷும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. ஆனாலும் பாகு, கூம்பு, கல்யாணம் என்ற மூன்றும் இரண்டு தேசத்திலும் ஒன்று சேர்ந்திருக்கின்றன. பாகுக்குப் பசை மாதிரி ஒட்டும் குணம் உண்டு. உயரமாக ஒன்றைக் கட்ட வேண்டும் என்கிற ஆசை எல்லா ஊர் சமையற்காரருக்கும் உண்டு. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிட்ஸ்பர்க் அத்தைகள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரிலும், ஒஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரிலும் 'குக்கி டேபிள்' என்று ஒரு வழக்கம் இன்றும் இருக்கிறது. இரண்டுமே இரும்பு ஆலைகளுக்குப் பேர் போன ஊர்கள். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைய. அங்கே கல்யாணம் என்றால் அத்தை, சித்தி, பாட்டி, பக்கத்து வீட்டம்மா எல்லோரும் ஆளுக்கொரு வகை பிஸ்கெட் சுட்டுக்கொண்டு வந்து ஒரே மேசையில் வைப்பார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் பெரிய கேக் வாங்க வழியில்லாத குடும்பங்கள் இப்படிச் சமாளித்தன என்பது அந்த ஊரார் சொல்லும் கதை. முதலில் தொடங்கியது எங்கள் ஊர்தான் என்று இரண்டு ஊருக்கும் போட்டி வேறு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மேசை கடையிலிருந்து வருவதில்லை, உறவிலிருந்து வருகிறது. 'இது யார் சுட்டது?' என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

இண்டூர்ப் பக்கம் நடப்பது இதற்கு நேர் எதிர். மேசை டவுனிலிருந்து வேனில் வந்து இறங்குகிறது. கச்சாயம் சுடுவதில் கைதேர்ந்த பெரியம்மா ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சுட்டுக் கொண்டுவந்த கச்சாயம் எவர்சில்வர் தூக்கில் மணமகள் அறைக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு மேசையில் இடமில்லை. 'போட்டோவுக்கு நல்லா இருக்காது' என்பது காரணம்! பாகுப் பதம் புத்தகத்தில் படித்து வருவதில்லை. கம்பிப் பதத்துக்கும் உருட்டுப் பதத்துக்கும் நடுவே இருக்கும் சில நொடிகளைக் கை மட்டுமே அறியும். அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனால் அடுத்த தலைமுறையில் கச்சாயம் கடையில் மட்டும்தான் கிடைக்கும்.

என்ன வைக்கலாம்?

தர்மபுரி மாவட்டத்தின் மண்ணைப் பார்த்தாலே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, எள், கரும்பு, மாம்பழம், புளி எல்லாம் இங்கே விளைகிறது. கேழ்வரகு மாவு உருண்டை, கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரி உருண்டை, கச்சாயம், ஒப்பட்டு, கூடவே நாக்குக்கு மாற்றாகப் புளி மிட்டாய். சீசனாக இருந்தால் மாம்பழத் துண்டு. ஏழு எட்டு வகை சுலபமாக வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த பிறகு பெரிய ஓட்டல்களே கேழ்வரகில் கேக் செய்கின்றன. விளைகிற ஊரில் அதை மேசையில் வைக்க வெட்கப்பட்டால் எப்படி?

குழந்தைகளுக்குக் கேக்கும் வேண்டும்தான். ஒரு ஓரத்தில் இருக்கட்டும். ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஏ.சி. இல்லாத மண்டபத்தில், வைகாசி மாத முகூர்த்தத்தில், போட்டோகிராபரின் விளக்குச் சூட்டில் கப்கேக்கின் க்ரீம் எவ்வளவு நேரம் நிற்கும்? எள்ளுருண்டைக்கு அந்தக் கவலையே இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. உருண்டை வகைகளை மூன்று நாள் முன்பே பிடித்து வைக்கலாம். கச்சாய மாவு பாகில் ஊறி இருந்தால்தான் பதமே வரும். அதை முந்தின நாள் சுட்டுவிடலாம். ஒப்பட்டு மட்டும் அன்றைக்கே. பருப்புப் பூரணம் சீக்கிரம் ஊசிப்போகும்.

அடுக்குவது எப்படி?

இதற்கு டெக்கரேஷன்காரரிடம் பெரிய தொகை கொடுக்கத் தேவையில்லை. வீட்டிலேயே இருக்கும் மரக்கால், படி, பித்தளைச் செம்பு, மணைப்பலகை இவற்றைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மூன்று உயரம் கிடைக்கும். பின்வரிசையில் உயரமானது, முன்வரிசையில் தட்டையானது. ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு மேல் எதையும் வைக்கக்கூடாது. எட்டாத இனிப்பை எடுக்கப் போய்த்தான் சட்டைக் கை அடுத்த தட்டில் படும்.

எள்ளுருண்டை கறுப்பு, பொரி உருண்டை வெள்ளை, கச்சாயம் செம்பழுப்பு, மாம்பழம் மஞ்சள். இவற்றை மாற்றி மாற்றி வைத்தாலே போதும், பலூன் வேண்டாம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்ன அட்டை. பெயரோடு செய்தவரையும் எழுதலாம்: 'கச்சாயம் - பெரியம்மா', 'கடலை உருண்டை - மேலத்தெரு அத்தை'. அந்த ஒரு வரிக்காகப் பெரியம்மா அன்று முழுக்க மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

எறும்புக்குப் பழைய வைத்தியம்தான் இன்றும் சிறந்தது. மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட வேண்டும். மேல்துணி தரையில் படாமல் இருக்க வேண்டும். அது பட்டால் எறும்புக்கு அதுவே படிக்கட்டு. தட்டுக்குப் பாக்குமட்டை, வாழையிலை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

கொஞ்சம் கணக்கு

500 பேர் வரும் வரவேற்பு என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 3 துண்டு வீதம் 1500 துண்டு. ஒன்று 25 கிராம் என்றால் மொத்தம் 37.5 கிலோ. அதே துண்டு 50 கிராம் என்றால் 75 கிலோ. பெரிய துண்டைப் பாதி கடித்துவிட்டு மீதியைத் தட்டோடு போடுவதுதான் நடக்கிறது. அளவைப் பாதியாக்கினால் செலவும் பாதி, குப்பையும் குறைவு. பந்தியில் இலையிலும் இனிப்பு உண்டு என்பதால் ஆளுக்கு 2 துண்டே போதும். 25 கிலோவில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? பெரும்பாலும் செலவு பெண்ணைப் பெற்றவர் தலையில். மண்டபம், நகை, சாப்பாடு, போட்டோ எல்லாவற்றுக்கும் மேல் இந்த மேசை. ஒரு வீட்டில் வைத்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் வைக்காமல் இருக்க முடியாது. 'அவங்க வெச்சாங்க' என்ற ஒரு சொல்லுக்காக வட்டிக்கு வாங்கியவர்கள் எந்த ஊரில் இல்லை? மூன்று மணி நேர அலங்காரத்துக்கு மூன்று வருஷ வட்டி!

அழகில் ஒளிந்திருக்கும் ஆபத்து

பால் இனிப்பும் க்ரீமும் வெளியே நீண்ட நேரம் இருக்கக்கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். மண்டபத்தின் சூடு எப்போதும் அதற்குள்தான். சில கிருமிகள் விடும் நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது. எனவே மொத்தத்தையும் ஒரேயடியாகப் பரப்பாமல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துவிட்டு, தீரத் தீர நிரப்ப வேண்டும். எடுக்கக் கரண்டியும் இடுக்கியும் கட்டாயம். கடையில் வாங்கினால் தேதி கேட்க வேண்டும். உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

கலர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ரோடமைன்-பி என்ற சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்கே தடை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடகத்தில் 'புகை பிஸ்கெட்' சாப்பிட்ட சிறுவன் துடித்த வீடியோ பரவியது. அந்தப் புகைக்குக் காரணமான திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சி. வேடிக்கைக்கு வைக்கிற பொருளா அது?

பூ வைப்பதிலும் எச்சரிக்கை தேவை. இந்தப் பக்கம் சாமந்திக்குப் பஞ்சமில்லை, அதைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் அரளி வேண்டாம். மாலையில் அழகாக இருக்கும் அரளி, வயிற்றுக்குள் போனால் விஷம். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கோயில் நைவேத்தியத்திலிருந்து அரளிப் பூவை நீக்கியது. இனிப்புத் தட்டின் ஓரத்தில் வைத்தால் ஒரு குழந்தை அதையும் எடுத்து வாயில் போடும்.

சர்க்கரை நோயாளிகளையும் மறக்கக்கூடாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. அவர்களுக்காக ஒரு ஓரத்தில் சுண்டல், வேர்க்கடலை, கொய்யா. வெல்லம் போட்டதால் பரவாயில்லை என்று யாரும் ஏமாறக்கூடாது. ரத்தத்தில் அதுவும் சர்க்கரைதான்.

கடைசி ஆளுக்கும் மிச்சம் இருக்க வேண்டும்

பந்திக்கும் மேசைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பந்தியில் உட்கார்ந்தவருக்கெல்லாம் இலையில் ஒரு இனிப்பு நிச்சயம். ஆனால் யார் எந்தப் பந்தியில் உட்காரலாம் என்ற பாகுபாடு பார்த்த கசப்பான காலமும் அதற்கு உண்டு. மேசையில் அந்த வரிசை கிடையாது. யார் கையும் எந்தத் தட்டுக்கும் போகலாம். அந்த வகையில் இது நல்ல மாற்றம். ஆனால் முதலில் வந்தவர் மூன்றாக எடுத்தால் கடைசியில் வருபவருக்குக் காலித் தட்டுதான். கடைசியில் வருபவர் யார்? காட்டு வேலை முடித்துக் குளித்துவிட்டு ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்குபவர். சமையல் கட்டில் நிற்பவர், பாத்திரம் கழுவுபவர், மைக் செட் காரர். கல்யாணத்தை நடத்துபவர்களே அவர்கள்தான்.

ஆகவே அடுக்கும்போதே ஒரு கூடை தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். சமையல் கட்டுக்கு ஒரு தட்டு முதலிலேயே போய்விட வேண்டும். மேசை அழகாக இருந்ததா என்பதைப் போட்டோ சொல்லும். கல்யாணம் நன்றாக நடந்ததா என்பதை, எல்லோரும் போன பிறகு மண்டபம் கூட்டுகிற அம்மாவின் கையில் ஒரு கச்சாயம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.