தட்டும் டப்பாவும்

நாகபுரிக்கு மாற்றலாகி வந்து ஆறாண்டுகள் ஆகின்றன. இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் பணி. மாதந்தோறும் சம்பளம் வருகிறது; ஆகவே பிள்ளையின் ஊட்டத்திற்குக் குறைவில்லை என்று இறுமாந்திருந்தோம்.

அவ்விறுமாப்பைச் சென்ற மாதம் மருத்துவர் ஒருவர் தகர்த்தார். நான்காம் வகுப்புப் பயிலும் நம் மைந்தன் மாலையில் விளையாடச் செல்லாது சோர்ந்து கிடந்தான். குருதியைச் சோதித்தவர், "இரும்புச்சத்துக் குறைவு. என்ன உண்கிறான்?" என வினவினார். நாம் இல்லத்தரசியை நோக்கினோம். அவர் நம்மை நோக்கினார். காலையில் தேநீரும் பிஸ்கோத்தும்; பள்ளி டப்பாவில் நூடுல்ஸ் அல்லது ஜாம் தடவிய ரொட்டி. தயிர்சாதத்தைச் சக மாணவர் எள்ளினரென்று அவன் அழுத நாள்முதல் இதுவே வழக்கம். அதனை நாகரிகமென்று நாமும் எண்ணினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், தட்டேந்தி வரிசையில் நின்று வளர்ந்தவர் நாம். சுடுசோறும் சாம்பாரும், 1998இல் வாரம் ஒரு முட்டையும் கிடைத்தது. இதனை அலுவலக நண்பரிடமோ, பெற்ற மகனிடமோ ஒருநாளும் கூறியதில்லை. வெட்கம்!

இன்று நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்று விதித்துள்ளனர். 450 கலோரியும் 12 கிராம் புரதமும் தருவது அதன் நோக்கம். நம் மைந்தனின் டப்பாவில் பருப்பேது, காயேது? சம்பளக்காரன் டப்பா இலவசத் தட்டிடம் தோற்றது.

மருத்துவர் தந்த மருந்தோடு உணவையும் மாற்றினோம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தேநீர் தடுக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய கனிகள் துணைபுரியும். ஆதலின் தேநீரை நிறுத்தினோம். டப்பாவில் எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலைச் சுண்டல், முருங்கைக்கீரை அடை, இவ்வூர் ஆரஞ்சுச் சுளை நான்கு.

"மறுபடியும் சிரிப்பார்கள், அப்பா" என்றான். அப்போதுதான் தட்டேந்தி நின்ற கதையைக் கூறினோம். நெடுநேரம் கேட்டிருந்து, "முட்டை கொடுக்கும் நாளில் சீக்கிரமே போய் நிற்பீர்களா?" என்றான். "முதல் ஆளாக நிற்போம்" என்றோம்.

மறுநாள் டப்பா காலியாகத் திரும்பியது. சுண்டலிற் பாதியைப் பக்கத்திலிருந்த மராத்திச் சிறுவன் உண்டானாம்! அது முதல் இரு பங்காக அனுப்புகிறோம்.

அன்பர்களே, நாளைக் காலை உங்கள் பிள்ளையின் டப்பாவை மூடுமுன், ஒருமுறை உள்ளே நோக்குவீராக.